ராஜாவுக்கு மது வார்த்த தொக்ஜே

எங்கள் சந்தில் ராஜ வம்சத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஜோங்னோ வட்டாரத்தில் விளக்குக் கடைச் சந்து எங்கே என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அங்கே வந்து நாலு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால், ஒருவராவது தான் இன்ன அரசருக்குப் பதினாறாவது தலைமுறை என்பார். அந்தக் காலத்து அரசர்களுக்கு மனைவிமார் அதிகம், பிள்ளைகள் அதைவிட அதிகம். அத்தனை பேரும் எங்கேதான் போவார்கள்? பல்பு விற்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், என் கடையில் உட்கார்ந்து பன்றிக்குடல் சூப்பு குடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிம்ச்சி வை என்கிறார்கள்.

மற்றவர்களுக்கு இந்த நினைப்பு மூன்றாவது கிண்ணம் மதுவுக்கு அப்புறம்தான் வரும். லீ தொக்ஜேவுக்கு மட்டும் காலையில் கடையைத் திறக்கும்போதே வந்துவிடும். விளக்குக் கூண்டு விற்கிற கடை அவனுடையது. நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். மழையில் ஓடமாட்டான். சந்தே அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடும், இவன் நிதானமாக நனைந்துகொண்டு வந்து என் கடை வாசலில் சொட்டச் சொட்ட நிற்பான்.

"ஏன்டா, கால்ல விலங்கா மாட்டியிருக்கு?" என்று கேட்டால், "எங்க வம்சத்துல ஓடுற வழக்கமில்லக்கா" என்பான். துண்டை எடுத்து மூஞ்சியில் எறிவேன்.

இத்தனைக்கும் அவன் அப்பா கரிக்கட்டி சுமந்தவர். மலைச்சரிவுக் குடிசைகளுக்கு அடுப்புக்கரி கொண்டுபோகிற வேலை. அந்த மனிதரும் ஒவ்வொரு வீட்டுப் படியிலும் கரியை இறக்கி வைத்துவிட்டு, தான் இன்ன இளவரசரின் வழி வந்தவன் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாராம். பள்ளிக்கூடத்தில் தொக்ஜேவுக்குக் 'கரி இளவரசன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய அரசர்களுக்கு ஜோங்மியோ கோயிலில் செய்யும் வருஷச் சடங்கை மறுபடி நடத்த ஆரம்பித்தபோது, அப்பாவும் மகனும் பார்க்கப் போனார்கள். கூட்டத்தில் யாரோ ஒரு சீமாட்டி, தன் வெள்ளை உடையில் கரி படுமென்று அப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். அவர் தள்ளி நின்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகனிடம், "நீ ஒரு நாள் உள்ள நிப்படா. அங்கி போட்டுக்கிட்டு நிப்ப" என்றார். தொக்ஜேவின் ஆசைக்கெல்லாம் வேர் அதுதான். அதனால்தான் நாங்கள் கேலி செய்தாலும் ஓரளவோடு நிறுத்திக்கொள்வோம்.

ஓரளவோடு நிறுத்தாதவன் பக்கத்துக் கடைக்காரன், பியோ சாங்கில் என்கிறவன். ஒயர், சுவிட்சு வியாபாரம். இருவரும் வாலிபத்தில் ஒரே தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளியவர்கள். பிறகு பணம் சேர்த்து ஒரே சுவரின் இரண்டு பக்கமும் கடை போட்டார்கள். ஒருவன் வரத் தாமதமானால் மற்றவன் இரண்டு கடையையும் திறப்பான். தொக்ஜே தன் பரம்பரையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லக் கேட்டு, நடுவில் எழுந்து போகாத ஒரே ஆள் இந்த உலகத்தில் சாங்கில்தான்.

"எங்க வம்சத்துல ராஜாவும் இல்ல, மந்திரியும் இல்ல, தேடிப் பாத்தா ஒரு குதிரைக்காரன் கிடைப்பான்" என்பான் சாங்கில். "அதனால இவன் ராஜாவையே நானும் பங்கு போட்டுக்கிறேன்."

தொக்ஜேவுக்கு அறுபது நெருங்கும்போது குலச் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. அந்த மே மாதச் சடங்கில் ஓர் அரசரின் ஆவி குடியிருக்கும் அறை முன்னால் மதுக் கிண்ணம் வைக்கும் பொறுப்பு அவனுக்கு. கோயிலுக்குப் போகிற ஊர்வலத்திலும் நடக்க வேண்டும். அன்றைக்கு அவன் என் கடைக்குள் வந்த வேகத்தைப் பார்த்தால், அவன் வம்சத்தில் ஓடுகிற வழக்கம் உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு மாதம் சந்துக்கு நல்ல பொழுதுபோக்கு. கேபிள் சுற்றி வருகிற மர உருளைமேல் சாங்கில் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன்தான் ராஜா. அந்தக் காலத்தில் மந்திரிமார் ராஜாவை நேருக்கு நேர் பார்க்கக் கூடாதென்று முகத்துக்கு முன்னால் ஒரு நீளமான கைப்பலகையைப் பிடித்துக்கொள்வார்களாம். அதற்குப் பதில் தொக்ஜே ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்து, மண்டியிட்டு, கிண்ணத்தைத் தூக்கிக் கொடுப்பான். கிண்ணத்தில் நிஜ மக்கொல்லி, அரிசிக் கள். ராஜா ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வான்.

"இன்னும் குனிடா. வயிறு இடிக்குதா? ராஜா காத்துக்கிட்டிருக்கேன்."

"ராஜா பேசமாட்டாருடா."

"அது செத்த ராஜா. நான் உசுரோட இருக்கிறவன். இன்னொண்ணு ஊத்து."

சடங்குக்கு முன்னால் விரதம் உண்டு. மது கூடாது. பூண்டு, வெங்காயம் கூடாது. நோயாளியைப் பார்க்கப் போகக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகவே கூடாது. சங்கத்தில் சொன்னது சில நாள்தான். இவன் பத்து நாள் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டான். என் கடைக்கு வந்து, "பூண்டில்லாம ஒரு சூப்பு வைங்கக்கா" என்றான். "பூண்டில்லாம வேணும்னா வெந்நிதான் இருக்கு, குடிச்சுட்டுப் போ" என்றேன். வெந்நீரில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டான். மூஞ்சியில் அப்படி ஒரு பெருமை.

சாங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது அந்த விரதத்துக்கு நடுவில். திங்கட்கிழமை. சுவிட்சுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்சில் ஏற்றும்வரை தொக்ஜே பக்கத்திலேயே நின்றான். வண்டியில் மட்டும் ஏறவில்லை. சாங்கிலின் மனைவி குமஜாவும் நானும்தான் ஏறினோம்.

ஆஸ்பத்திரி பெரிய தெருவைத் தாண்டினால் வந்துவிடும். தொக்ஜே போகவில்லை. போனில் பேசினான். நான் அப்போது கட்டில் பக்கத்தில் இருந்தேன். சாங்கிலின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"வராதடா. வந்தீன்னா உன் ராஜா கோவிச்சுக்குவாரு. ஞாயித்துக்கிழமை முடிச்சுட்டு வா. போட்டோ எடுத்துக்கிட்டு வா. முழு உருவமும் தெரியணும், செருப்பு வரைக்கும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். 'வராதே' என்று சொல்பவன் ஏன் கதவைப் பார்க்கிறான் என்று தொக்ஜேவுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்தது. நான் போய்ச் சொல்லியிருக்கலாம். நோயாளி எழுந்து உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் தின்கிறானே, அவசரமில்லை என்று நினைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது சாங்கில் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்திலேயே சாவுக்கூடம். படம் வைத்து, சாமந்திப்பூ வைத்து, ஒரே மகன் இன்ஹோ துக்க உடையில் நின்றான். நான் மதியம் ஒரு நடை கடைக்கு வந்தேன். தொக்ஜே வந்தான். கண் சிவந்திருந்தது. வாசலுக்கு வெளியேதான் நின்றான்.

"உள்ள வாடா."

"வேணாங்கா. நீங்க அங்க போயிட்டு வந்திருக்கீங்க."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன், கையில் இருந்தால் எறிந்துவிடுவேன் என்று. என்மேல் தீட்டு! முப்பது வருஷமாக இந்தக் கையால் சாப்பிடுகிறவன், என் பக்கத்தில் வந்தால் தீட்டு என்கிறான். காரணம் நான் அவனுடைய நண்பனின் பிணத்துக்குப் பக்கத்தில் அழுதுவிட்டு வந்தது.

அவன் ஒரு வெள்ளைக் கவரை எடுத்து வாசலில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலிமேல் வைத்தான். சாவு வீட்டுக்குக் கொடுக்கிற பணக் கவர். என் கையில் கொடுக்கவில்லை.

"இத நீங்க குமஜாகிட்ட சேத்துடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் நேர்ல வர்றேன்னு சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவன் சாம்பலாயிருப்பான்டா."

"அவனே வராதன்னுதான் சொன்னான். நீங்களும் கேட்டீங்கள்ல?"

"உசுரோட இருக்கிறவன் சொன்னது அது. செத்தவன் உன்னக் கூப்புடறானா இல்லையான்னு நீ போய்ப் பாத்தியா?"

அவன் திரும்பிக்கொண்டான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துபோனான். அந்தக் கட்டிய கையைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. கவரைக் கொண்டுபோய்ச் சாவுக்கூட வாசலில் இருந்த பணப்பெட்டியில் போட்டேன். குமஜா, "அண்ணன் வரலையாக்கா?" என்றாள். "வருவான்" என்றேன். இரண்டு ராத்திரி சந்துக்காரர்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்து சீட்டாடி, சோஜு குடித்து, சாங்கிலைப் பற்றிப் பேசினார்கள். யாருமே தொக்ஜேவின் பெயரை எடுக்கவில்லை. குமஜாவின் காது படக் கூடாதென்று எல்லாருக்கும் ஒரே எண்ணம்.

ஞாயிறு காலை சவப்பெட்டியைத் தூக்க நண்பர்கள் வேண்டும். இங்கே அது நண்பர்களின் வேலை. சாங்கிலுக்கு உறவு குறைவு. சந்து ஆட்கள் பிடித்தும் தலைப்பக்கம் ஒரு கை குறைந்தது. பெட்டியும் ஆட்களும் சேர்ந்து போகிற சவ பஸ்ஸை ஓட்ட வந்த டிரைவர், முன்பின் தெரியாத ஆள், கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து அந்தப் பிடியைப் பிடித்தார். இன்ஹோ அவரைக் குனிந்து வணங்கினான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொக்ஜேவின் வெட்கத்தை நான் பட்டுக்கொண்டு நின்றேன்.

கடைசியாகக் கடையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று குமஜா சொன்னாள். வண்டி சந்து முனையில் நின்றது. இன்ஹோ படத்தைத் தூக்கிக்கொண்டு கடை வாசல்வரை நடந்தான். குமஜா மூடிய ஷட்டர் முன்னால் மக்கொல்லி ஊற்றினாள். பக்கத்து ஷட்டரும் மூடித்தான் கிடந்தது. திரும்ப வண்டியில் ஏறி, பெரிய தெருவுக்கு வந்தால், போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அரசர்களின் ஊர்வலம். அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை.

எங்கள் வண்டிதான் வரிசையில் முதல். கொடிகள் வந்தன, மேளம் வந்தது, பல்லக்கு வந்தது. டிரைவர் என்ஜினை அணைத்தார். அப்புறம் கறுப்பு அங்கியும் பொன்னிறத் தொப்பியுமாக அதிகாரிகள் வரிசை. எல்லாருடைய கையிலும் கைப்பலகை, நெஞ்சுக்கு நேராக. எங்கள் பக்கத்து வரிசையில் தொக்ஜே வந்தான்.

நன்றாக இருந்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த உடைக்கென்றே அளவெடுத்துப் பிறந்தவன் மாதிரி நடந்தான். எனக்குப் பின்னால் யாரோ, "பாவி" என்றார்கள். நான் குமஜாவைப் பார்க்கப் பயந்தேன். அவள் எழுந்தாள். ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். முன் இருக்கையில் படத்தை மடியில் வைத்திருந்த மகனின் தோளைத் தொட்டாள்.

"இன்ஹோ, அப்பாவ இந்தப் பக்கம் திருப்பு. பெரியப்பா வர்றாரு."

இன்ஹோ படத்தை ஜன்னலோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தான். கறுப்பு ரிப்பன் கட்டிய சட்டத்துக்குள் சாங்கில், ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம், கழுத்துப்பட்டை கோணலாக, சிரித்துக்கொண்டு. தொக்ஜே கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது தலையைத் திருப்பினான். பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். அடுத்த கணம் கைப்பலகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். அப்படியே நடந்து போய்விட்டான்.

குமஜா ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தாள். போலீஸ்காரர் வழி விட்டார், டிரைவர் வண்டியை எடுத்தார்.

எல்லாம் முடிந்து, சாம்பலை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்துக்கு நான் கடைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சந்தில் ஈ காக்கை இல்லை. தொக்ஜே என் கடை வாசலில், அதே முக்காலிமேல் உட்கார்ந்திருந்தான். சாதாரணச் சட்டை. நெற்றியில் தொப்பி அழுத்திய தடம். நான் அவனைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தேன். பின்னாலேயே உள்ளே வந்தான்.

"தீட்டு ஒட்டிக்கப் போகுது. தள்ளி நில்லு" என்றேன்.

"அக்கா, திட்டுங்க. ஆனா ஒண்ணு கேளுங்க."

கேட்காமல் என்ன செய்வது? சொன்னான். சனிக்கிழமை கடைசி ஒத்திகை. சங்கத்துப் பெரியவர் எல்லாரையும் உட்காரவைத்து, யாருக்காவது போக வேண்டிய சாவு இருந்தால் தாராளமாகப் போங்கள், மாற்று ஆள் இருக்கிறார், அடுத்த வருஷம் உங்களுக்கே தருகிறோம், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை என்றாராம். இரண்டு தடவை கேட்டாராம். இவன் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்டா?"

"அடுத்த வருஷம் குடுக்கலன்னா?"

இன்னொன்றும் சொன்னான். சடங்கு முடிந்து எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு புல்லில் உட்கார்ந்தார்களாம். பக்கத்து அறைக்கு மது வைத்தவர் ஒரு பல் டாக்டர். அவர் சொன்னாராம், முந்தாநாள் கூடப் படித்தவன் சாவு, ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தேன், கண் எரிகிறது என்று. விரதம் என்னாச்சு என்று இவன் கேட்டிருக்கிறான். "கூடப் படிச்சவங்க. போகாம இருப்பேனா?" என்று சொல்லிவிட்டு அவர் ஊறுகாயைப் பிரித்தாராம்.

"அவரு கிண்ணத்தயும் ராஜா வாங்கிக்கிட்டாருக்கா. என்னோடதயும் வாங்கிக்கிட்டாரு. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல." தலையைக் குனிந்துகொண்டான். "காலையில குமஜா படத்தத் திருப்பிக் காட்டுனா. அவ செஞ்சது சரிதான். இன்னும் நாலு பேர் முன்னால என்னக் காறித் துப்பியிருந்தாலும் சரிதான்."

எனக்கு வந்த கோபம் அப்படியே நின்றுவிட்டது. இந்த மடையன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான்!

"உன்ன அசிங்கப்படுத்தவா அவ காட்டுனா? அடேய், அவன் பாக்கணும்னு காட்டுனாடா. உன்ன அந்த அங்கியில பாக்கணும்னு அவன் எவ்வளவு ஆசப்பட்டான்! 'பெரியப்பா வர்றாரு, அப்பாவத் திருப்பு'ன்னு பிள்ளகிட்ட சொன்னா. அந்த வண்டியில உன்மேல கோவமில்லாத ஒரே ஆளு அவதான்."

தொக்ஜேவின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகை வரவில்லை. அவமானம் அழுகையைவிடப் பெரிதாக வந்து அடைத்துக்கொண்டது போலிருந்தது. அவன் காது, கழுத்து எல்லாம் சிவந்துகொண்டே போவதைப் பார்த்து எனக்கே தாங்கவில்லை.

"எந்திரி. போகலாம்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு வா."

குமஜாவின் வீடு பக்கத்து மேட்டில்தான். வழியில் அவன் கையைப் பின்னால் கட்டவில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாதவன் மாதிரி வந்தான். குமஜாதான் கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?" என்றாள். அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளே சின்ன மேசைமேல் சாங்கிலின் படம், முன்னால் ஊதுபத்தி, ஒரு கிண்ணம் மது. இன்ஹோ எழுந்து ஒதுங்கி நின்றான்.

இறந்தவருக்கு இரண்டு முறை விழுந்து வணங்க வேண்டும். தொக்ஜே ஒரு தடவை விழுந்து எழுந்தான். இரண்டாம் தடவை விழுந்தவன் நெற்றியைத் தரையில் வைத்தபடியே கிடந்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. குமஜா அவன் பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, அங்கி எங்க?"

"திருப்பிக் குடுத்துட்டேன், தங்கச்சி." தரையைப் பார்த்துத்தான் பேசினான். "சாயங்காலமே வாங்கிட்டாங்க."

"ஐயோ. அத ஒரு தடவ போட்டுக் காட்டச் சொல்லலாம்னு இருந்தேன். காலையில அவரால சரியா பாக்க முடியல." அவள் குரலில் குத்தல் இல்லை. கடையில் ஒரு சாமான் தீர்ந்துபோனதற்கு வருந்துவது போலத்தான் சொன்னாள். "சரி, போகட்டும். முகத்தையாவது காட்டுங்கண்ணே. அதையும் மறைச்சுட்டீங்க."

தொக்ஜேவின் முதுகு குலுங்கியது. தலை தரையைவிட்டு எழவில்லை. அவசரமில்லை என்பதுபோல் குமஜா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் நின்றுகொண்டிருந்தேன்.